நெமாட்டிக்

நெமாட்டிக் (பெ.): கோல் வடிவ மூலக்கூறுகள் திரவமாக ஓடிக்கொண்டே ஏறக்குறைய ஒரே திசை நோக்கி நிற்கும் திரவப் படிக நிலை. ‘நூல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1922இல் ஜார்ஜ் ஃபிரிடெல் அமைத்த பெயர். நூல் என்றது மூலக்கூறுகளை அல்ல; நுண்ணோக்கியில் நெளியும் இழைகளை. அவை வரிசை பிசகிய இடங்கள். குறையை வைத்தே பெயர்!

கார்களின் எல்சிடி திரைக்குள் இருப்பதும் இந்த நிலைதான். மூலக்கூறுகளின் ஒழுங்கை அளக்க அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை உதவும். மூலக்கூறில் டியூட்டீரியம் ஏற்றினால், சாதாரணத் திரவத்தில் ஒற்றையாக வரும் கோடு இங்கே இரண்டாகப் பிளக்கும். ஒழுங்கு கூடினால் இடைவெளி அகலும். சூடேற்றினால் குறுகும், திரவப் படிக நிலை போனதும் சட்டென ஒன்றாகும்.

தட்டு வடிவ மூலக்கூறுகளிலும் திரவப் படிகம் உண்டென்று 1977இல் காட்டியது பெங்களூர் ராமன் ஆய்வு நிலையத்து எஸ். சந்திரசேகர் குழு.