ஷைலோ சிவ் சுலைமான்

ஷைலோ சிவ் சுலைமான் (பிறப்பு: 1989, பெங்களூர்) இந்தியாவைச் சேர்ந்த ஓவியர், நூல் ஓவியக் கலைஞர், சுவரோவியர் ஆவார். பெண்ணியக் கருத்துகளைப் பொதுவெளிச் சுவர்களில் பெரிய அளவில் வரைவதன் மூலம் அறியப்படுகிறார். 2012 ஆம் ஆண்டு இவர் தொடங்கிய ஃபியர்லெஸ் கலெக்டிவ் என்ற கலைஞர் கூட்டமைப்பு, தெற்காசியாவிலும் பிற பகுதிகளிலுமாகப் பத்துக்கும் மேற்பட்ட நாடுகளில் சுவரோவியங்களை உருவாக்கியுள்ளது. அக்கூட்டமைப்பின் பெயருக்கு அச்சமற்றோர் குழு என்று பொருள் கொள்ளலாம்.

வாழ்க்கைக் குறிப்பு

இவரது தாயார் நிலோஃபர் சுலைமானும் ஓர் ஓவியர். இந்தியக் கடைத்தெருக்கள், பெயர்ப்பலகைகள், தேநீர்க்கடைகள், தெருவோர மனிதர்கள் ஆகியவற்றை அடர்ந்த வண்ணங்களில் தீட்டுபவராக அவர் அறியப்படுகிறார். இத்தகைய சூழலில் வளர்ந்த ஷைலோ, பதின்ம வயதிலேயே சிறுவர் நூல்களுக்கு ஓவியம் வரையத் தொடங்கினார். பின்னர் பெங்களூரிலுள்ள சிருஷ்டி கலை, வடிவமைப்பு, தொழில்நுட்பப் பள்ளியில் பயின்றார்.

இதே பள்ளியில்தான் 2003 இல் ஜாஸ்மீன் பதேஜா என்னும் மாணவியின் கல்வித் திட்டமாக பிளாங்க் நாய்ஸ் என்ற இயக்கம் தோன்றியது. தெருக்களில் பெண்கள் எதிர்கொள்ளும் பாலியல் தொல்லையைக் கலையின் வழியாகப் பேசுபொருளாக்கிய முன்னோடி முயற்சிகளுள் அதுவும் ஒன்று. ஆகவே பெண்களும் பொதுவெளியும் என்ற பொருள், ஷைலோவின் பணிக்கு முன்னரே பெங்களூர்க் கலைச்சூழலில் வேர்கொண்டிருந்தது எனலாம்.

நூல் ஓவியங்களும் தொழில்நுட்பமும்

இவரது தொடக்ககாலப் பணிகளுள் கோயா என்ற மின்னணுப் படக்கதை குறிப்பிடத்தக்கது. இந்திச் சொல்லான கோயா, தொலைந்துபோனது என்று பொருள்படும். ஐபேட் கருவிக்காக உருவாக்கப்பட்ட இக்கதையில், வாசிக்கும் குழந்தை படங்களைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், கருவியை அசைத்தும் தொட்டும் கதைக்குள் பங்கெடுக்க வேண்டும். 2011 இல் நடைபெற்ற இங்க் மாநாட்டில் இவர் இதைப் பற்றி ஆற்றிய உரை, டெட் இணையத்தளத்தின் வழியாகப் பரவலாக அறியப்பட்டது. தொழில்நுட்பம் கற்பனைக்குப் பகையல்ல, கனவு காணவும் அது உதவும் என்பதே அவ்வுரையின் மையக்கருத்து.

2014 இல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் நடைபெறும் பர்னிங் மேன் விழாவில், பல்துறைக் குழுவினருடன் இணைந்து பல்ஸ் அண்ட் புளூம் என்ற கலையமைப்பை உருவாக்கினார். தாமரை வடிவிலான அச்சிற்பங்கள், தம்மைத் தொடுவோரின் நாடித்துடிப்புக்கேற்ப ஒளிரும் வகையில் அமைக்கப்பட்டிருந்தன.

ஃபியர்லெஸ் கலெக்டிவ்

2012 திசம்பர் 16 அன்று தில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவி கூட்டு வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டு, பின்னர் உயிரிழந்தார். நாடு முழுவதும் போராட்டங்கள் வெடித்தன. நீதியரசர் ஜெ. எஸ். வர்மா தலைமையிலான குழு 2013 சனவரி 23 அன்று அறிக்கை அளித்தது. அதே ஆண்டில் குற்றவியல் சட்டங்கள் திருத்தப்பட்டன.

இக்காலத்தில் பெண்களுக்குக் கூறப்பட்ட அறிவுரைகள் பெரும்பாலும் அச்சத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தன: இரவில் வெளியே செல்லாதே, தனியே போகாதே, கவனமாக உடுத்து. குற்றம் இழைப்பவரைக் கட்டுப்படுத்துவதற்கு மாறாக, பெண்ணின் நடமாட்டத்தையே இவை சுருக்கின. இதற்கு மறுமொழியாக, அச்சமின்மையைப் பேசும் சுவரொட்டிகளை வரைந்து பகிருமாறு ஷைலோ இணையத்தின் வழியே கலைஞர்களை அழைத்தார். பல கலைஞர்கள் வரைந்தனுப்பிய சுவரொட்டிகளிலிருந்தே இக்கூட்டமைப்பு உருவானது. இணையத்தில் தொடங்கிய பணி, விரைவில் தெருச்சுவர்களுக்கு நகர்ந்தது.

செயல்முறை

ஓவியர் தன் கருத்தை ஒரு சுவரில் வரைந்துவிட்டுச் செல்லும் முறையிலிருந்து இக்கூட்டமைப்பின் முறை வேறுபடுகிறது. அது பொதுவாகப் பின்வரும் படிகளைக் கொண்டது.

* முதலில் அப்பகுதிப் பெண்கள் அல்லது ஒடுக்கப்பட்ட குழுவினர் வட்டமாக அமர்ந்து உரையாடுகின்றனர். எதற்கு அஞ்சுகிறோம், அதற்கு மாற்றாக எதை விரும்புகிறோம் என்பவை பேசப்படுகின்றன.
* பங்கேற்போர் தம் உருவத்தைத் தாமே வரைகின்றனர். தம்மை எவ்வாறு பிறர் காண வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்கின்றனர்.
* உரையாடலிலிருந்து ஒரு படிமமும், உறுதிமொழி போன்ற ஒரு வாசகமும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.
* பின்னர் அப்பகுதியிலுள்ள சுவரொன்றில், பங்கேற்றோரும் தூரிகை பிடிக்க, ஓவியம் தீட்டப்படுகிறது.

இம்முறையில் வன்முறைக் காட்சிகள் வரையப்படுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. பாதிக்கப்பட்டவர் என்ற உருவிலேயே பெண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டுவது அச்சத்தையே வளர்க்கும் என்பது இதன் அடிப்படை.

குறிப்பிடத்தக்க பணிகள்

பாகிசுத்தானில்: 2010களின் நடுப்பகுதியில் இக்கூட்டமைப்பு பாகிசுத்தானிலும் பணியாற்றியது. இராவல்பிண்டியில் குவாஜா சிரா எனப்படும் திருநங்கையர் சமூகத்தினருடன் இணைந்து வரையப்பட்ட சுவரோவியத்தில், தாமும் இறைவனின் படைப்பே என்னும் பொருளுடைய உருது வாசகம் இடம்பெற்றது. சமய மொழியைக் கொண்டு விலக்கப்பட்டவர்கள், அதே மொழியில் தம் இடத்தைக் கோரியது இதன் சிறப்பு. பாகிசுத்தான் 2018 இல் திருநர் உரிமைச் சட்டம் இயற்றியது. அதன் சில பிரிவுகளைக் கூட்டாட்சி சரியத் நீதிமன்றம் 2023 இல் செல்லாதவையென அறிவித்தது.

சாகீன் பாக்: குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து 2019 திசம்பர் முதல் தில்லி சாகீன் பாக்கில் இசுலாமியப் பெண்கள் இரவு பகலாக அமர்ந்து போராடினர். 2020 தொடக்கத்தில் இக்கூட்டமைப்பு அங்கு அப்பெண்களைக் கருப்பொருளாகக் கொண்ட சுவரோவியத்தைத் தீட்டியது. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 24 அன்று போராட்டக் களம் காவல்துறையால் அகற்றப்பட்டது.

இலங்கையில்: கொழும்பின் கொம்பனித்தெருப் பகுதியைச் சேர்ந்த ஓவியர் விக்கி ஷாஜகான் போன்ற உள்ளூர்க் கலைஞர்கள் இக்கூட்டமைப்புடன் இணைந்து பணியாற்றியுள்ளனர்.

ஓவியப் பாணி

ஷைலோவின் ஓவியங்களில் பொன்னிறம், அடர்சிவப்பு, நீலம் ஆகிய வண்ணங்களும், மலர்களும், விலங்குகளும், நேராக நோக்கும் பெண்களின் கண்களும் மிகுதி. நடப்புலகையும் கனவையும் கலக்கும் மாய யதார்த்தப் போக்கு இவரது நூல் ஓவியங்களிலும் சுவரோவியங்களிலும் ஒருங்கே காணப்படுகிறது. ஓர் இந்திய நகரத்தெருவில் சாமி படங்கள், திரைப்பட விளம்பரங்கள், அரசியல் தலைவர்களின் உருவங்கள் ஆகியவற்றுக்கு ஒதுக்கப்படும் பேரளவை, இவர் பெயரறியாத எளிய பெண்ணின் முகத்துக்கு அளிக்கிறார்.

வரலாற்றுப் பின்னணி

சுவரில் வரைவது இந்தியப் பெண்களுக்குப் புதிதன்று. பீகாரின் மிதிலா ஓவியம் தலைமுறைகளாகப் பெண்கள் வீட்டுச்சுவர்களில் வரைந்து வந்ததே. தமிழகத்துக் கோலம் வாசல் தரையில் இடப்படுகிறது. ஆயினும் இவை வீட்டை ஒட்டியே அமைந்தன. தெருச்சுவர் ஆண்களின் கையிலேயே இருந்து வந்தது.

பெண்ணிய ஓவியத்துக்குத் தமிழகத்திலும் ஒரு முன்வரலாறு உண்டு. நடனக் கலைஞர் சந்திரலேகா (1928–2006) சென்னையிலிருந்து பெண்ணுரிமை இயக்கத்துக்கான சுவரொட்டிகளை வடிவமைத்தவர். 2012 இக்குப் பின்னர் படக்கதை வடிவிலும் இத்தகைய முயற்சிகள் பெருகின. 14 பெண் ஓவியர்களின் படக்கதைகள் அடங்கிய டிராயிங் த லைன் என்ற தொகுப்பை சுபான் பதிப்பகம் 2015 இல் வெளியிட்டது.

தமிழ்நாட்டுச் சூழலில்

பெண் தொழிலாளர் மிகுந்த தமிழ்நாட்டுக்கு இக்கலைமுறை தொடர்புடையது. 2019-20 ஆண்டுத் தொழிலகக் கணக்கெடுப்பின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களுள் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் உள்ளனர். வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழில் வட்டாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2019 வரை ஒரே வேலூர் மாவட்டமாக இருந்த இப்பகுதியில், காலணியின் மேற்பகுதியைத் தைப்பது போன்ற வேலைகளைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். ஆனால் அவர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் சுவர்களில் கட்சி விளம்பரங்களும் வணிக விளம்பரங்களுமே நிறைந்துள்ளன. சுவர் யாருக்குரியது, அதில் யாருடைய முகம் இருக்கலாம் என்பதே ஷைலோவின் பணி எழுப்பும் கேள்வி.

கருத்து வேறுபாடுகள்

பொதுவெளிச் சுவரோவியங்கள் குறித்துச் சில கேள்விகள் எழுப்பப்படுவதுண்டு. ஓவியம் முடிந்தபின் கலைஞர் சென்றுவிடுகிறார். அங்கேயே வாழ்பவர்கள்தாம் அதன் விளைவுகளை எதிர்கொள்கின்றனர். வெயிலிலும் மழையிலும் வண்ணம் மங்கும். சுவரின் உரிமையாளரோ அரசோ அதனை அழித்துவிடவும் இயலும். பலர் சேர்ந்து வரைந்த ஓவியம் ஒருவர் பெயரால் அறியப்படுவதும் விவாதத்துக்குரியது. சுவரோவியம் சட்டத்துக்கோ காவலுக்கோ பாதுகாப்பான போக்குவரத்துக்கோ மாற்றாகாது. எனினும், வரையும் நாட்களில் பெண்கள் கூட்டமாகத் தெருவில் நின்று, சாரத்தின் மேலேறி, வழிப்போக்கரின் கேள்விகளுக்கு விடையளிப்பதே இம்முறையின் முதன்மைப் பயன் என்று கொள்ளலாம். ஓவியம் அழிந்தாலும் அந்த அனுபவம் அவர்களிடம் எஞ்சுகிறது.

இவற்றையும் பார்க்க

* சந்திரலேகா
* மிதிலா ஓவியம்
* சுவரோவியம்
* பெண்ணியம்