கச்சேரி வாசலில் கைக்கூலி

சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே மனுநீதிச் சோழனுக்குச் சிலை உண்டு. கன்றை இழந்த பசுவுக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டானாம்! கேட்கச் சுவையான கதைதான். ஆனால் தோழர்களே, அந்த ஆராய்ச்சி மணியருகே காவல் நின்றவன் யார்? பசு வந்தபோது அவன் கை நீட்டினானா? புராணம் இதைப்பற்றி வாய் திறக்கவில்லை. வரலாறுதான் பேசவேண்டும்.

பூந்தமல்லியிலோ, அம்பத்தூரிலோ, திருவள்ளூரிலோ வழக்குமன்றப் படியேறும் ஏழை முதலில் காண்பது நீதிபதியை அன்று. டவாலியை, அமீனாவை, எழுத்தரை. இவர்கள் தீர்ப்பு எழுதுவதில்லை. ஆனால் வழக்குக் கட்டை மறைக்கவும், அழைப்பாணையை 'ஆள் இல்லை' என்று திருப்பவும், நகலைத் திங்கள் கணக்கில் தாமதிக்கவும் இவர்களால் முடியும். தாமதமே ஏழைக்குத் தண்டனையன்றோ!

இந்தக் கவலை புதிதன்று. பூந்தமல்லியைப் போலவே பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்தரமேரூரில், முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இதைப் பேசுகின்றன. கையூட்டுக் கொண்டவன், பிறர் பொருள் கவர்ந்தவன், கணக்குக் காட்டாதவன் வாரியத்துக்கு வரலாகாது. கணக்குக் காட்டாதவனின் உறவினரும் ஆகார். நல்ல விதிதான்! ஆனால் குடவோலையில் பெயர் எழுதப்படவே காணியும் வேண்டும், வேதமும் வேண்டும். உழுதவன் எத்துணை நேர்மையாளனாயினும் அவனுக்கு அங்கே இடமேது? ஒழுக்கத்தை ஒரு குலத்தின் வேலிக்குள் அடைத்துவைத்த பெருமையை நாம் ஏன் பாடவேண்டும்?

நாம் பாடவேண்டியவர் வேறொருவர். 1826-இல் திருச்சியை அடுத்த குளத்தூரிற் பிறந்த வேதநாயகம் பிள்ளை. திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராய் நுழைந்தார், மொழிபெயர்ப்பாளரானார், பின்னர் முன்சீப்பாகி, மாயூரத்தில் 13 ஆண்டுகள் இருந்தார். கட்டுகளின் தூசியிலே தொடங்கியவர் ஆதலால், கைக்கூலி எங்கே பிறக்கிறது என்பதைக் கண்ணாரக் கண்டவர். 1859-இல் வெளிவந்த அவருடைய 'நீதிநூல்' கைக்கூலியைக் கண்டித்து ஓர் அதிகாரமே கொண்டுள்ளது.

எனினும் செய்யுளைவிடச் சிறந்த வேலை ஒன்றை அவர் செய்தார். 1805 முதல் 1861 வரை மேல்மன்றம் ஆங்கிலத்தில் வழங்கிய தீர்ப்புகளைத் தமிழிலே திரட்டி, 1862-இல் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். இதன் பொருள் என்ன? வழக்காடுபவனுக்குப் புரியாத தாளே எழுத்தனின் முதலீடு! 'இதில் என்ன எழுதியிருக்கிறது, ஐயா?' என்று கேட்கும் குரலிலே கைக்கூலியின் விலை நிர்ணயமாகிறது. அந்த முதலீட்டையே பறிக்கப் பார்த்தார் அவர். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலும், தமிழர் வழக்கைத் தமிழர் முன்னே ஆங்கிலத்தில் வாதாடும் வக்கீல்களைச் சாடினார். அலுவலுக்கு வெளியேயும் அவர் அவரே: 1876–78 பெரும் பஞ்சத்தில் தம் பொருளைக் கஞ்சி வார்க்கச் செலவிட்டார்.

இன்று வீட்டு வாழ்வையும் சட்டம் எட்டிப்பார்க்கிறது. 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் பரிசு, சொத்து, வட்டிக் கடன், வரதட்சணை, மனைவி உயிரோடிருக்க மறுமணம் ஆகியவற்றுக்கெல்லாம் கட்டுப்பாடு விதிக்கின்றன. 'என் வீட்டில் நடப்பது என் பாடு' என்பார் சிலர். அமீனா வீட்டுத் திருமணத்தில் மொய் எழுதுபவன் யார்? நாளை வாய்தா உள்ளவன் அல்லனா?

மொழியின் பூட்டு மட்டும் இன்னும் முழுவதும் திறக்கவில்லை. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கீழ்மன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் அமைய வழி பிறந்தது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டுமென்று சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியும், இசைவு கிடைக்கவில்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பைக் கையிலேந்தி, பொருள் கேட்டு, பள்ளி விட்டு வரும் ஆசிரியனை வழிமறிக்கும் பெரியவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.