தசைத் தளர்வுக் கண்காணிப்பின் வரலாறு

தசைத் தளர்வுக் கண்காணிப்பு என்பது, முழு மயக்கத்தில் அறுவை சிகிச்சை பெறும் நோயாளியின் தசைகள் எந்த அளவுக்குத் தளர்ந்துள்ளன, அவை எப்போது பழைய வலுவைப் பெறுகின்றன என்பதை அளந்தறியும் முறையாகும். மயக்க மருந்து நினைவை அகற்றுகிறது. தசை தளர்த்தி அசைவை நிறுத்துகிறது. இவ்விரண்டும் வெவ்வேறானவை. நினைவு திரும்பிய பின்னும் தளர்வு நீடித்தால், நோயாளியால் கண் திறக்கவோ, கையசைக்கவோ, தானாக மூச்சிழுக்கவோ இயலாது.

தளர்த்திகளுக்கு முந்தைய காலம்

வயிற்றில் அறுவை செய்ய வயிற்றுச் சுவரின் தசைகள் இளக வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஈதர் அல்லது குளோரோஃபார்மை ஆழமாகக் கொடுத்தோ, முதுகுத்தண்டில் ஊசி போட்டோ இது செய்யப்பட்டது. எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள நெய்யூர் லண்டன் மிஷன் மருத்துவமனையில் 1920களிலும் 1930களிலும் இரைப்பை அறுவைகளைச் செய்தது இக்காலத்தில்தான். ஆழ்ந்த மயக்கம் மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் தாழ்த்தக்கூடியது. நாடி, மூச்சு, கண்பாவை ஆகியவற்றைப் பார்ப்பதே அன்றைய கண்காணிப்பு.

குராரேயின் வருகை

குராரே தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவிய நஞ்சு. நரம்பின் கட்டளை தசையைச் சேராமல் இது தடுக்கிறது என்பதை 1850களில் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்ட் தவளைகளில் காட்டினார். 1942 ஜனவரி 23 அன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹரால்ட் கிரிஃபித், எனிட் ஜான்சன் ஆகியோர் குடல்வால் அறுவையின்போது இதை நோயாளிக்குச் செலுத்தினர். இதன்பின் குறைந்த மயக்க மருந்திலேயே போதிய தளர்வு கிடைத்தது.

ஆனால் 1954இல் பீச்சர், டாட் ஆகியோர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு அதிர்ச்சியளித்தது. 10 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 6 லட்சம் மயக்க நிகழ்வுகளை ஆராய்ந்ததில், தசை தளர்த்தி பெற்றவர்களிடையே மயக்கம் தொடர்பான இறப்பு சுமார் 6 மடங்காக இருந்தது. இம்முடிவு பெரும் விவாதத்தை எழுப்பியது.

நரம்புத் தூண்டி

1958இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் கிறிஸ்டி, சர்ச்சில்-டேவிட்சன் ஆகியோர், அறுவைக்குப் பின் மூச்சு திரும்பாத நோயாளிகளில் காரணத்தைக் கண்டறிய நரம்புத் தூண்டிக் கருவி ஒன்றை விவரித்தனர். மணிக்கட்டருகே ஓடும் நரம்பில் சிறு மின்னதிர்வு கொடுத்தால் கட்டைவிரல் துடிக்கும். துடிப்பு இல்லையெனில் தளர்வு நீடிக்கிறது என்று பொருள்.

1970இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் அலி, அட்டிங், கிரே ஆகியோர் நால்தொடர் தூண்டல் முறையை அறிமுகப்படுத்தினர். அரை நொடி இடைவெளியில் 4 அதிர்வுகள் கொடுக்கப்படுகின்றன. குராரே வகை மருந்தின் விளைவு எஞ்சியிருந்தால் நான்காம் துடிப்பு முதலாவதைவிடத் தளர்ந்திருக்கும். இவ்விரண்டின் விகிதமே அளவுகோல். மருந்து கொடுக்கும் முன் எடுத்த அளவோடு ஒப்பிடத் தேவையில்லாததால் இம்முறை உலகெங்கும் பரவியது.

கோயம்புத்தூர் ஆய்வு

1951 முதல் பயன்பாட்டுக்கு வந்த சக்சினைல்கோலின் சில நிமிடங்களிலேயே செயலிழக்கும் தளர்த்தியாகும். இரத்தத்திலுள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அதைச் சிதைக்கிறது. பிறவியிலேயே இந்நொதி செயல்படாதவர்களுக்குத் தளர்வு பல மணி நேரம் நீடிக்கும். ஐரோப்பியரிடையே இவர்கள் லட்சத்தில் ஒருவர் என்ற அளவிலேயே உள்ளனர்.

ஆந்திரத்து வைசியரிடையே இக்குறைபாடு மிகுதி என்று 1979இல் ஓர் ஆய்வு அறிவித்தது. பின்னர் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு அறிஞர்களுடன் இணைந்து அந்நகரின் வைசிய சமூகத்தினரை ஆராய்ந்தனர். சுமார் 4 சதவீதத்தினரிடம் இக்குறைபாடு காணப்பட்டது. நொதியின் 307ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதிலாகப் புரோலின் அமைந்திருப்பதே காரணம் என 2006இல் வெளியிட்டனர். சமூகத்துக்குள்ளேயே திருமணம் செய்யும் வழக்கம் இம்மாற்றத்தைத் தலைமுறைதோறும் நிலைநிறுத்துகிறது.

இது நோயன்று. இக்குறைபாடுள்ளவர்கள் அன்றாட வாழ்வில் நலமாகவே உள்ளனர். அறுவை அரங்கில் இம்மருந்து செலுத்தப்படும்போதுதான் சிக்கல் எழுகிறது. அப்போது செயற்கை மூச்சையும் மயக்கத்தையும் தொடர்ந்தால் தளர்வு தானே நீங்கும். உறவினர் எவருக்கேனும் மயக்கத்துக்குப் பின் மூச்சு திரும்பத் தாமதமாயிற்றா என்று முன்கூட்டியே விசாரிப்பதும், ரோகுரோனியம் போன்ற மாற்று மருந்தைத் தேர்வதும் பாதுகாப்பான வழிகள்.

இன்றைய நிலை

1979இல் டென்மார்க்கில் விபி-மோகென்சன் குழுவினர், மயக்கம் தெளிந்து வெளிவந்த நோயாளிகளில் 42 சதவீதத்தினருக்கு நால்தொடர் விகிதம் 0.7க்குக் கீழ் இருந்ததைக் கண்டனர். இன்று 0.9 எட்டினால்தான் சுவாசக் குழாயை அகற்றலாம் எனக் கொள்ளப்படுகிறது. விகிதம் 0.4ஐத் தாண்டிவிட்டால் துடிப்புகளின் வேறுபாட்டைக் கண்ணாலோ தொட்டோ உணர்வது கடினம். ஆகவே, எண்ணாக அளந்து காட்டும் கருவிகளையே பயன்படுத்துமாறு 2023இல் அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் பரிந்துரைத்தது.