கம்ப்யூட்டரில் திடீரென சத்தம் வரவில்லையா? கடைக்கு தூக்கிட்டுப் போகும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

நேற்று இரவு வரை பாட்டு ஓடிய கம்ப்யூட்டர். காலையில் ஆன்லைன் இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தால் எதிரே இருப்பவரின் வாய் மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. வால்யூமை முழுசா கூட்டியாச்சு, ஸ்பீக்கரை தட்டியும் பார்த்தாச்சு. ஒன்றும் நடக்கவில்லை.

உடனே சி.பி.யூ.வை வண்டியில் வைத்து கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. அங்கே "மதர்போர்டு போச்சு" என்று சொல்லிவிட்டால் சில ஆயிரம் ரூபாய் செலவு. ஆனால் டெஸ்க்டாப்பில் சத்தம் நின்றுபோக, தப்பான இடத்தில் சொருகிய ஒயரோ, தானாக மாறிய ஒரு செட்டிங்கோ கூட போதும். எதை முதலில், எதை அடுத்து பார்க்க வேண்டும் என்ற வரிசை தெரிந்தால் வீட்டிலேயே சரி செய்துவிடலாம்.

(இன்டர்வியூ தொடங்க ஐந்து நிமிடம்தான் இருக்கிறதா? முதலில் அதே லிங்க் மூலம் செல்போனில் சேர்ந்துவிடுங்கள். ரிப்பேரை அப்புறம் பார்த்துக்கலாம்.)

பழுது ஸ்பீக்கரிலா, கம்ப்யூட்டரிலா?

முதலில் இந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டும். அதே ஸ்பீக்கரை டிவி, பழைய செல்போன் என வேறு ஏதாவது ஒன்றில் இணைத்துப் பாருங்கள். அதிலும் சத்தம் வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் மீது குற்றமில்லை. ஸ்பீக்கரோ அதன் ஒயரோதான் காரணம்.

வேறு சாதனம் இல்லையென்றால், ஒரு ஹெட்போனை கம்ப்யூட்டரில் சொருகிப் பாருங்கள். ஹெட்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் கேட்கவில்லை என்றாலும் சந்தேகம் ஸ்பீக்கர் பக்கம்தான்.

ஒயர் எங்கே சொருகியிருக்கிறது?

கேபினட்டின் பின்பக்கம் வட்டமான சின்ன துளைகள் இருக்கும். வண்ணம் போட்டிருந்தால் இளம்பச்சைதான் ஸ்பீக்கருக்கு. இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே அனுப்ப. வீடு சுத்தம் செய்யும்போது ஒயரை கழற்றி மாட்டினால், பச்சைக்குப் பதில் பக்கத்து துளைக்குள் போய்விட வாய்ப்பு அதிகம்.

சின்ன ஸ்பீக்கர்கள் பலவற்றில் இரண்டு ஒயர்கள் இருக்கும். யு.எஸ்.பி. ஒயர் கரண்டுக்கு, வட்ட முனை ஒயர் ஒலிக்கு. யு.எஸ்.பி.யை மட்டும் சொருகினால் லைட் எரியும், சத்தம் வராது. இரண்டையும் மாட்ட வேண்டும்.

முன்பக்க துளையில் சத்தம் இல்லையா? பின்பக்கத்தில் முயற்சி செய்யுங்கள். முன்பக்க துளை, கேபினட்டுக்குள் ஒரு தனி கேபிள் வழியாக மதர்போர்டுடன் இணைகிறது. அந்தக் கேபிள் கழன்றிருந்தால் முன்பக்கம் மட்டும் வேலை செய்யாது.

சத்தம் வேறு எங்கோ போகிறதா?

எச்.டி.எம்.ஐ. கேபிளில் படம் மட்டுமல்ல, ஒலியும் போகும். புது மானிட்டரையோ டிவியையோ இணைத்ததும், விண்டோஸ் ஒலியை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். ஸ்பீக்கரே இல்லாத சில மானிட்டர்கள்கூட பட்டியலில் ஒலி சாதனமாக வந்து நிற்கும். விளைவு, கம்ப்யூட்டர் சத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், கேட்கத்தான் ஆள் இருக்காது. முன்பு இணைத்த புளூடூத் ஹெட்போன் பக்கத்து அறையில் ஆன் ஆகி இருந்தாலும் இதே கதைதான்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போங்கள். அவுட்புட் பட்டியலில் ஸ்பீக்கரை தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கரின் பெயரை தொட்டு உள்ளே போனால், அதை பயன்படுத்த அனுமதி இருக்கிறதா என்பதும் தெரியும். 'டோன்ட் அலவ்' என்ற பட்டன் இருந்தால் அனுமதி உள்ளது என்று அர்த்தம். 'அலவ்' என்று இருந்தால் அதை அழுத்துங்கள்.

ஒரே ஒரு ஆப்பில் மட்டும் சத்தம் இல்லையா?

யூடியூப் கேட்கிறது, மீட்டிங் மட்டும் கேட்கவில்லை என்றால் பழுது கம்ப்யூட்டரில் இல்லை. அதே சவுண்ட் பக்கத்தில் உள்ள வால்யூம் மிக்ஸரை திறங்கள். ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி வால்யூம் இருக்கும். ஏதாவது ஒன்று பூஜ்ஜியத்தில் கிடக்கலாம். பிரவுசரில் அந்த டேப் மீது ரைட் கிளிக் செய்து, 'மியூட்' ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். மீட்டிங் ஆப்களுக்குள்ளேயே ஸ்பீக்கரை தேர்ந்தெடுக்கும் தனி செட்டிங் உண்டு.

பச்சைக் கோடு சொல்லும் ரகசியம்

சவுண்ட் பக்கத்தின் கீழே 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று இருக்கும். அதை திறந்துவைத்து ஒரு பாட்டை ஓட விடுங்கள். ஸ்பீக்கர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கினால், விண்டோஸ் ஒலியை அனுப்புகிறது. அப்படியென்றால் ஒயர், துளை, ஸ்பீக்கர் ஆகியவற்றை மறுபடி பாருங்கள். கோடு அசையவே இல்லை என்றால் செட்டிங்கிலோ டிரைவரிலோதான் சிக்கல்.

ரீஸ்டார்ட் கொடுங்க, ஷட் டவுன் வேண்டாம்

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது டிரைவர்கள் இருந்த நிலை அப்படியே சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அதுவே திரும்ப வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக தொடங்கும்.

அதற்கும் மசியவில்லையா? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரை திறங்கள். 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' பகுதியில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அந்த டிரைவரில் கோளாறு. அதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் மறுபடி போட்டுக்கொள்ளும். அப்டேட்டுக்குப் பிறகு சத்தம் போயிருந்தால், டிரைவர் ப்ராப்பர்ட்டீஸில் 'ரோல் பேக்' மூலம் பழைய டிரைவருக்கே திரும்பலாம்.

டிரைவர் தேவைப்பட்டால் மதர்போர்டு அல்லது கம்ப்யூட்டர் கம்பெனியின் இணையதளத்தில் மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். "உங்கள் டிரைவர் பழசாகிவிட்டது" என்று பயமுறுத்தும் விளம்பரங்களையும், திரையில் வரும் 'கஸ்டமர் கேர்' எண்களையும் நம்ப வேண்டாம். ஸ்பீக்கரை சரி செய்யப் போய் பேங்க் கணக்கை பறிகொடுக்கும் ஆபத்து இருக்கிறது.

எப்போது கடைக்குப் போகலாம்?

டிவைஸ் மேனேஜரில் ஒலி சாதனமே காணவில்லை என்றால், பயாஸில் ஆன்போர்டு ஆடியோ ஆஃப் ஆகியிருக்கலாம். அங்கே ஆன் செய்தும் வரவில்லை என்றால் மதர்போர்டின் ஒலிப் பகுதி பழுதாகி இருக்க வாய்ப்புண்டு. அப்போதும் மதர்போர்டையே மாற்றத் தேவையில்லை. சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டை சொருகினால், ஒலி அதன் வழியாக வரும். கடையில் "போர்டு மாத்தணும்" என்று சொன்னால், முதலில் இதை கேட்டுப் பாருங்கள்.

கேபினட்டை திறந்து பார்ப்பதாக இருந்தால், சுவிட்சை ஆஃப் செய்து பவர் ஒயரை பிடுங்கிய பிறகே கை வையுங்கள்.

இன்டர்வியூ, ஆன்லைன் தேர்வு இருப்பவர்கள் முந்தைய நாள் மாலையே ஸ்பீக்கரையும் மைக்கையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.