அடுக்கும் குவியலும்

துறையூர் நெல் மண்டியில் கடைசியாக ஏற்றிய மூட்டை முதலில் இறங்குவது போல, கடைசியில் வைத்த மதிப்பை முதலில் எடுக்கும் ஸ்டாக் என்னும் அடுக்குமுறைக்கு, கணிதக் கோவைகளை மதிப்பிடும் பொருட்டு, 1957-ஆம் ஆண்டிலே ஜெர்மானிய அறிஞர்களான பாவரும் சாமெல்சனும் காப்புரிமை கோரினர். 1960-இல் டெய்க்ஸ்ட்ரா அம்முறையைத் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் ஃபங்ஷன்களுக்கும் விரித்துரைத்தார். ஒரு ஃபங்ஷன் முடிந்த கணமே அதன் இடமனைத்தும் ஒரு சுட்டியை நகர்த்துவதனால் மீண்டுவிடும்.

அதே 1960-இல் ஜான் மக்கார்த்தி லிஸ்ப் மொழியைப் பற்றி வெளியிட்ட கட்டுரையோ வேறொரு மார்க்கத்தைக் காட்டிற்று. ஐ.பி.எம். 704 இயந்திரத்தில் ஏறத்தாழ 15,000 இடங்கள் கொண்ட காலிப் பட்டியல் தீர்ந்ததும், இன்னும் எட்டக்கூடிய பொருள்களுக்குக் குறியிட்டு, எஞ்சியவற்றை மீண்டும் பட்டியலில் சேர்க்கும் கார்பேஜ் கலெக்‌ஷன் அது. அதற்குச் சில விநாடிகள் பிடிக்கும் என்பதையும் அவர் மறையாது எழுதினார். நிரல் எழுதுவோரை நினைவகக் கவலையினின்று விடுவித்த அவ்வுபகாரம் மகத்தானது. ஆயினும், ஒரு வரியில் பிறந்து மறுவரியில் பயனற்றுப்போகும் அற்பாயுள் பொருளும் ஹீப் என்னும் குவியலுக்கே சென்றது நியாயமன்று. நினைவகம் தாராளமாக இருப்பின் கார்பேஜ் கலெக்‌ஷனே அடுக்கினும் விரைவாகலாம் என 1987-இல் ஆண்ட்ரூ ஆப்பெல் வாதித்தார். அத்தாராளம் எல்லா இயந்திரத்துக்கும் வாய்ப்பதில்லை.

பொருளின் ஆயுளை முன்னரே கணிப்பதுதான் உற்ற பரிகாரம். 1999-இல் ஐ.பி.எம். ஆய்வகத்தைச் சேர்ந்த சோய், டெல்லி ஐ.ஐ.டி.யில் பயின்ற மனீஷ் குப்தா, ஸ்ரீதர் முதலிய ஐவர் ஜாவாவுக்கென வெளியிட்ட எஸ்கேப் அனாலிசிஸ் இதனையே செய்தது. இரு ஆயங்களைக் கொண்ட ஒரு புள்ளியை ஆக்கி, தூரத்தைக் கணக்கிட்டு, அவ்வெண்ணை மட்டும் திருப்பித் தரும் ஃபங்ஷனை எண்ணிப் பாருங்கள்: புள்ளி வெளியேறவில்லை, ஆகவே அதனை அடுக்கிலேயே வைக்கலாம். புள்ளியையே திருப்பித் தந்தால் குவியலைத் தவிர அதற்கு வேறு புகலிடமில்லை. 2009-இல் ஜாவா 6-இன் 14-ஆம் புதுப்பிப்பில் இவ்வாராய்ச்சி ஹாட்ஸ்பாட் என்னும் ஜாவா மெய்நிகர் இயந்திரத்தில் இடம்பெற்றபோது, அது இன்னும் ஒருபடி சென்று, பொருளையே ஆக்காமல் அதன் உறுப்புகளைத் தனித்தனி மதிப்புகளாகப் பிரித்துவிட்டது.

அவ்வாண்டே வெளிவந்த கோ மொழியின் கம்பைலர், எந்தப் பொருள் குவியலுக்குத் தப்பிச் செல்கிறதென்பதைக் கேட்டால் வரிவரியாக அச்சிட்டுக் காட்டும். திருச்சிராப்பள்ளிக் கலாசாலைகளில் கணினி சாஸ்திரம் பயிலும் மாணவர்கள், தாம் எழுதிய நிரலுக்கு அவ்வறிக்கையை ஒருமுறையேனும் எடுத்துப் படிக்க வேண்டுகிறேன்.