கணக்குக் கேட்கும் மன்றம்



கூஃபா நகரத்தார் தம் ஆளுநர் ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களைப் பற்றி கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் முறையிட்டனர். தொழுகையைக்கூடச் செவ்வனே நடத்துவதில்லை என்பதும் அம்முறையீட்டில் ஒன்று. ஸஅது (ரலி) சாமானியர் அல்லர். பத்ருப் போரில் நின்றவர், காதிஸிய்யா வெற்றியின் தளபதி. ஆயினும் உமர் (ரலி) அவரைப் பதவியிலிருந்து விலக்கி, அழைத்து விளக்கம் கேட்டார்கள். பின்னர் அவருடன் ஆளனுப்பி, கூஃபாவின் பள்ளிவாசல் ஒன்றையும் விடாது விசாரிக்கச் செய்தார்கள். மக்கள் யாவரும் அவரைப் புகழ்ந்தனர். பனூ அப்ஸ் குலத்தாரின் பள்ளியில் ஒருவர் மட்டும், பங்கீட்டில் சமநீதி இல்லை எனக் குற்றஞ்சாட்டினார். பிற்காலத்தில் மரணப் படுக்கையிலிருந்த உமர் (ரலி), திறமைக் குறைவுக்காகவோ மோசடிக்காகவோ தாம் ஸஅதை நீக்கவில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். விசாரிக்கப்படுவது இழிவன்று, அது பதவியோடு சேர்ந்து வருவது.

இதற்கு நெருக்கமான ஒரு விதி பிரான்சு நாட்டின் 1884ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்திலும் உண்டு. மேயரின் வரவு செலவுக் கணக்கு விவாதிக்கப்படும் அமர்வுக்கு அவர் தலைமை தாங்க இயலாது. மன்றம் வேறொருவரைத் தேர்ந்துகொள்ளும். விவாதத்தில் அவர் இருக்கலாம். வாக்கெடுப்பின்போது வெளியேறிவிட வேண்டும்.

நமது புதுச்சேரிக்கு நகராட்சி மன்றம் 1880ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசாணையால் வந்தது. அக்காலத் தேர்தல்கள் மோசடிக்குப் பேர்போனவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அதிகாரிகளிடம் கணக்குக் கேட்க ஊராரின் அவை ஒன்று இருந்தது. 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் 38 ஆண்டுகள் தேர்தலே இல்லை. 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. காலம் முடியுமுன்பே அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்பது 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தத்தின் கட்டளை. ஆனால் பத்தாண்டுகள் கடந்தும் தேர்தல் வரவில்லை. நிர்வாகம் ஆணையரிடம் சென்றது. தணிக்கையாளர் ஏட்டைப் பார்ப்பார். எங்கள் தெருச் சாக்கடைக்கு ஒதுக்கிய பணம் எங்கே என்று அவையில் எழுந்து கேட்க உறுப்பினர் இல்லை.

கடற்கரைச் சாலையில் நகராட்சி இயங்கிய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே அதனைக் கட்டி எழுப்பி 2021 பிப்ரவரியில் திறந்தனர். அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட உள்ளாட்சித் தேர்தல், இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நடைபெறாமல் நின்றது.