பக்கத்து மனையில் கட்டுகிறார்கள், நாம் கேட்கலாமா?



நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். முதலாம் பராந்தகன் காலத்தவை, கி.பி. 919, 921. குடவோலையில் பெயர் எழுதக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. (வங்கியில் காலம் கழித்தவன் என்பதால் எனக்குப் பிடித்த விதி இது.) ஊர் விவகாரத்தில் யாருக்கு இடம் என்பதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். "பக்கத்துக் கட்டடத்தைப் பற்றிக் கேட்க நாம் யார்?" என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

இதற்கு 1974-ல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. உடுப்பியில் கல்யாண மண்டபமும் சொற்பொழிவுக் கூடமும் கட்டுவதாக அனுமதி வாங்கியவர், பிறகு அதையே சினிமா கொட்டகையாக மாற்ற நகராட்சியிடம் சம்மதம் பெற்றார். அது குடியிருப்புப் பகுதி, நகரமைப்புத் திட்டப்படி அங்கே கொட்டகை கூடாது. அங்கே குடியிருந்த ஒருவர் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம், அனுமதி தவறுதான், ஆனால் பெரும் பணம் செலவாகிவிட்டதே என்று விட்டுவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. திட்டம் குடியிருப்போரின் நன்மைக்காக, மீறினால் அவர்கள் கேட்கலாம், செலவழித்துவிட்டேன் என்பது சட்ட மீறலைச் சரியாக்காது என்றது.

பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை 1976-ல் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அங்கும் வழக்குப் போட்டவர்கள் குடியிருப்போர்தான். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பதினைந்து வருடம்!

நம் மாநிலத்தில் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971 இருக்கிறது. திட்ட அனுமதி தருவது 49-ஆம் பிரிவு. அந்த உத்தரவால் பாதிக்கப்பட்ட எவரும் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது 79-ஆம் பிரிவு. "எவரும்" என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள், மனைக்காரர் மட்டும் என்று இல்லை. வெளிச்சம் குறையும், விலை இறங்கும் என்று வருத்தப்பட்டால் மட்டும் போதாது. பக்க இடைவெளியா, உயரமா, நிலப் பயன்பாடா, எந்த விதி மீறப்பட்டது என்று காட்ட வேண்டும்.

கெடு, உத்தரவு கிடைத்ததிலிருந்து 2 மாதம். இங்கேதான் சிக்கல். அண்டை வீட்டுக்காரருக்கு யாரும் உத்தரவு அனுப்புவதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நகல் கேட்டால் பதிலுக்கு 30 நாள், பாதி கெடு அதிலேயே போய்விடும். முன்பு நான் வாடகைக்கு இருந்த ஊரில் நாங்கள் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இரண்டாம் தளம் கான்கிரீட் போடும்வரை இருந்தோம். அதன்பின் மிச்சமிருந்தது உயர் நீதிமன்ற ரிட் மனு ஒன்றுதான், வக்கீல் சொன்ன கட்டணத்தைக் கேட்டதும் எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

நிலப் பயன்பாட்டை மாற்றுவதென்றால் ஆட்சேபணை கேட்டு நாளிதழில் அறிவிப்பு வரும். சின்ன எழுத்தில் இருக்கும், சர்வே எண்ணோடு. நம் குடியிருப்பைச் சுற்றியுள்ள சர்வே எண்களை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். தகவல் உரிமை விண்ணப்ப மாதிரியும் என்னிடம் உண்டு. வேண்டியவர்கள் மாலை 5 மணிக்கு மேல் சங்க அறைக்கு வாருங்கள்.